சாவியை எடுத்த பிறகும் 0.19 ஆம்பியர்

மும்பையில் நம் ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் கார்களில் பல, ஞாயிற்றுக்கிழமை கார்கள். வார நாளில் லோக்கல் ரயில்தான் எல்லோருக்கும். செம்பூரிலிருந்து கோட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறவர் ஹார்பர் லைனில் ஏறி சிஎஸ்எம்டியில் இறங்கிவிடுவார்; கார் சொசைட்டி காம்பவுண்டில் ஆறு நாளும் தூசி படிந்து நிற்கும். கோயில், மாட்டுங்கா மார்க்கெட், சொந்தக்காரர் வீட்டு விசேஷம், இதற்குத்தான் வெளியே வரும். இப்படி நிற்கிற காரில் பேட்டரிக்குச் சின்னக் கசிவு இருந்தாலும் ஆள் அகப்பட்டுக்கொள்வார். தினமும் இருபது கிலோமீட்டர் ஓடுகிற காரில் அதே கசிவு இருந்தால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது, ஓடும்போது என்ஜினோடு சேர்ந்து சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

என் பெரியப்பா மகன், அண்ணன், செம்பூரில் இருக்கிறார். பழைய வேகன் ஆர் ஒன்று வைத்திருக்கிறார். ஞாயிறு காலையில் குளித்து, திருநீறு பூசி, மதினியும் பையனும் பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஸ்டார்ட்டர் சுற்றாது. டேஷ்போர்டு விளக்குகள் மங்கிப் போகும். பக்கத்து கேரேஜ் பையன் ஜம்பர் கேபிளோடு வருவான், வண்டி கிளம்பும், திரும்பி வரும் வழியில் பேட்டரி கடையில் நிறுத்தினால் அவர்கள் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு "பேட்டரி போய்விட்டது" என்பார்கள். புதுசு போட்டார். சில மாதம் ஒழுங்காக இருந்தது. பிறகு அதே கதை. அதையும் மாற்றினார். மூன்றாவது பேட்டரியும் 'டிக் டிக்' என்று ஆரம்பித்தபோதுதான் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, இந்தக் கம்பெனி பேட்டரியே சரியில்ல போலிருக்கு. வேற கம்பெனி போட்டுரலாமா?"

"அண்ணே, எதையும் வாங்காதிய. ஞாயித்துக்கிழமை நான் வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

எனக்கு லிஃப்ட் சர்வீஸில் வேலை. பத்தொன்பதாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால், போய் முதலில் மீட்டரை எடுப்போம். எங்கே வோல்ட் வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்த்த பிறகுதான் எந்த போர்டையும் கழற்றுவது. அளக்காமல் பொருளை மாற்றுவதை எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் அனுமதிக்கவே மாட்டார்கள். காரில் மட்டும் இது ஏனோ தலைகீழாக நடக்கிறது. வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றிவிடுகிறோம், அளப்பது என்ற பேச்சே வருவதில்லை. அந்த அளவை எடுக்க வேண்டிய கருவி லாமிங்டன் ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வரிசையாகக் கடைகள். ஒரு பேட்டரி விலையில் எத்தனையோ மல்டிமீட்டர் வாங்கலாம்.

பேட்டரி கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் டெஸ்டர் காட்டியது உண்மை, அந்தப் பேட்டரி பலமிழந்துதான் இருந்தது. காரில் இருப்பது ஸ்டார்ட் செய்வதற்கான பேட்டரி. ஓரிரு விநாடி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு, உடனே ஆல்டர்னேட்டரிடம் திருப்பி வாங்கிக்கொள்ளும்படி செய்தது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி போல அடி வரை காலியாகி, நிரம்பி, மறுபடி காலியாவதற்கு அதன் தகடுகள் ஏற்றவை கிடையாது. காலியாகி அப்படியே நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகம் இறுகிவிடும், அப்புறம் சார்ஜ் செய்தாலும் அந்த இடம் முழுதாக மீளாது. சில தடவை இப்படி ஆனாலே நல்ல பேட்டரி பாதி பேட்டரி ஆகிவிடும். ஆக, டெஸ்டர் காட்டியது நோயின் விளைவை. நோய் வேறு எங்கோ இருந்தது.

முதலில் எளிய இரண்டு அளவுகள். முந்தின நாள் ராத்திரியே அண்ணனிடம் சொல்லி பேட்டரியை சார்ஜரில் போட வைத்திருந்தேன். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி (ஒரு ஆம்பியர் வீதம் சுமார் 35 மணி நேரம் கொடுக்கிற கொள்ளளவு), ஆகவே மூன்று, மூன்றரை ஆம்பியரில் மெதுவாக, விடியும் வரை. காலையில் சார்ஜரைக் கழற்றி, ஹெட்லைட்டைக் கொஞ்சம் எரியவிட்டு சார்ஜர் விட்டுப்போன தற்காலிக மேல்பூச்சு வோல்டேஜைக் குறைத்து, சற்று நேரம் விட்டுப் பார்த்தால் 12.6 வோல்ட். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6, 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 வந்துவிட்டால் கால் பங்குதான் மிச்சம், ஸ்டார்ட்டர் முனக ஆரம்பிக்கும். வெறும் அரை வோல்ட் இடைவெளிக்குள் முழுக் கதையும் நடக்கிறது என்பதால், '12 வோல்ட் இருக்கே, பேட்டரி சரிதான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து என்ஜினை ஓடவிட்டு அதே முனைகளில் பார்த்தேன். 14.2. ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டும் 14-க்குக் கீழே பெரிதாக இறங்கவில்லை. ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. இங்கே 13-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் விசாரணை வேறு திசையில் போயிருக்கும்.

சரி, பேட்டரி நிறைகிறது, ஆல்டர்னேட்டர் நிரப்புகிறது. மிச்சம் இருக்கும் கேள்வி ஒன்றுதான். வண்டி நிற்கும்போது, சாவி வீட்டு ஆணியில் தொங்கும்போது, எவ்வளவு போகிறது?

இதை அளக்க என் வேலைப் பையிலிருக்கும், ஒயரைக் கவ்விக் கரண்ட்டைக் காட்டும் கிளாம்ப் மீட்டர் உதவாது. லிஃப்ட் மோட்டாருக்காக வைத்திருக்கும் அது ஏசி கரண்ட்டை மட்டும் அளக்கும். டிசி அளக்கிற, மில்லி ஆம்பியர் வரை துல்லியமான கிளாம்ப் உண்டு, விலை அதிகம். சாதாரண மல்டிமீட்டரையே தொடரில் வைத்து அளப்பதுதான் நம் வழி. நெகடிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைப் பாலமாகப் போடுவது. சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற வேண்டும், கறுப்பு முனை 'காம்' துளையிலேயே இருக்கும். சிவப்பு கார் கேபிளில், கறுப்பு பேட்டரியின் நெகடிவ் முனையில். பாசிட்டிவ் பக்கம் கையே வைக்க வேண்டாம், ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மீட்டர் நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது, ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட்டில் மீட்டரின் ஃபியூஸ் உடனே போகும், ஃபியூஸ் இல்லாத மலிவு மீட்டராக இருந்தால் மீட்டரே போகும். அளந்து முடித்ததும் சிவப்பு முனையை வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் அப்படியே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட். மூன்றாவது, சாவி உள்ளே இருக்க கதவு பூட்டிக்கொள்ளாமல் ஒரு கண்ணாடியை இறக்கி வைத்துவிடுங்கள்.

கதவு விஷயம் முக்கியம். ஃபியூஸ் பாக்ஸ் டேஷ்போர்டுக்குக் கீழே இருப்பதால் டிரைவர் கதவு திறந்தே இருக்க வேண்டும். திறந்திருந்தால் ரூம் லைட் எரியும், கார் விழித்திருக்கும், அளவு பொய்யாகும். அண்ணன் காரில் கதவுச் சட்டத்தில் ரப்பர் மூடி போட்ட சுவிட்ச் இருந்தது, அதை அழுத்தி டேப் ஒட்டினேன். லாட்சுக்கு உள்ளேயே சுவிட்ச் இருக்கும் கார்களில் ஸ்க்ரூடிரைவரால் லாட்சைப் பூட்டிய நிலைக்குத் தள்ளினால் கதவு மூடிவிட்டது என்று கார் நினைத்துக்கொள்ளும். முடிந்ததும் கைப்பிடியை இழுத்து லாட்சை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும், மறந்தால் லாட்ச் உடையும்.

எல்லாம் செய்து மீட்டரைப் போட்டதும் முதலில் ஒரு ஆம்பியருக்கு மேல் காட்டியது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் போகுதா?" என்றார். அந்த எண்ணுக்கு மரியாதை கொடுக்கக் கூடாது. இணைப்பு கொடுத்தவுடன் காரில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரு தடவை விழித்துப் பார்க்கும். அவை உறங்கப் போக நேரம் எடுக்கும். பழைய வேகன் ஆரில் சில நிமிடம் போதும், புதிய கார்களில் அரை மணி நேரம்கூட ஆகலாம். இந்த இடத்தில் பொறுமை இல்லாதவர்கள்தான் தப்பான முடிவுக்கு வந்து, நல்ல பொருளை எல்லாம் கழற்றிப் போடுகிறார்கள். நாங்கள் மேலே போய் மதினி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பழைய கதையெல்லாம் பேசிவிட்டுத்தான் இறங்கினோம்.

வந்து பார்த்தபோது மீட்டரில் 0.19. அசையாமல் நின்றது.

நல்ல நிலையில் இருக்கும் காரில் இது 0.02-லிருந்து 0.05 வரை இருக்கலாம். என்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு, கடிகாரம், ரிமோட் லாக் காது கொடுத்துக் காத்திருப்பது, இவற்றுக்கெல்லாம் அந்த 20 முதல் 50 மில்லி ஆம்பியர் தேவை. 190 மில்லி ஆம்பியர் தேவையில்லை. பார்க்கச் சின்ன எண்தான், ஒரு சின்ன பல்பு எரிகிற அளவு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.19 ஐ 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு நாலரை ஆம்பியர்-அவர். ஞாயிறு ராத்திரி நிறுத்திய வண்டியில் அடுத்த ஞாயிறு காலைக்குள் சுமார் 30 போய்விடும். இருப்பதே 35. அதுவும் பேட்டரி புதிதாக, முழுதாக நிறைந்திருந்தால். அப்புறம் ஜம்பர் போட்டு எழுப்பி மாட்டுங்கா போய் வருகிற அந்தக் கொஞ்ச நேர ஓட்டத்தில் 30-ஐ நிரப்ப ஆல்டர்னேட்டரால் முடியாது, பேட்டரியும் அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளாது. ஒவ்வொரு வாரமும் பற்றாக்குறையோடேயே ஆரம்பிக்கிறது. அண்ணன் காரின் மூன்று பேட்டரி கதையும் இந்த ஒரே கணக்கில் அடங்கிவிட்டது.

அடுத்து, எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். பலரும் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி மீட்டரைப் பார்ப்பார்கள். அது வேலை செய்யும். ஒரு தொல்லை, பிடுங்கித் திரும்பச் செருகும்போது தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விழித்துக்கொள்ளும், மறுபடி காத்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்த முறை வேறு. கத்தி போல் இரண்டு தட்டைக் கால் உள்ள ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும், அளப்பதற்கென்றே விட்டிருப்பார்கள். இரண்டாவது மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்தப் புள்ளிகளைத் தொட்டால், கரண்ட் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். ஓடுகிற ஃபியூஸில் ஒரு சின்ன எண் வரும், ஏனென்றால் ஃபியூஸ் கம்பிக்கும் ஒரு சிறு தடை உண்டு. எதையும் கழற்றவில்லை, எதுவும் விழிக்கவில்லை.

வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸில் 0.8 மில்லிவோல்ட். அந்த அளவு ஃபியூஸின் தடை கிட்டத்தட்ட ஐந்து மில்லி ஓம், கணக்குப்படி சுமார் 0.16 ஆம்பியர் அதன் வழியே போகிறது. தேடிக்கொண்டிருந்தது ஏறத்தாழ முழுவதும் ஒரே இடத்தில்.

ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கப் படத்தில் பார்த்தால் அந்த ஃபியூஸ் இரண்டு பேருக்குப் பொது. ரூம் லைட்டும் ரேடியோவின் நிரந்தர சப்ளையும். ரூம் லைட் அணைந்துதான் இருந்தது, ஆனாலும் சந்தேகம் வேண்டாம் என்று பல்பைக் கழற்றினேன். எண் மாறவில்லை. மிச்சம் ரேடியோ. கம்பெனியில் கொடுத்த ரேடியோவை எடுத்துவிட்டு, பெரிய டச் ஸ்க்ரீனோடு ப்ளூடூத் பிளேயர் ஒன்றை அண்ணன் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் போட்டிருந்தார். முதல் பேட்டரி மாற்றியதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் அது என்பது கேட்ட பிறகு நினைவுக்கு வந்தது அவருக்கு.

பிளேயரைச் சுற்றியுள்ள சட்டத்தை பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாக நெம்பி எடுத்தேன். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஓரம் கீறிவிடும். பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூ. வெளியே இழுத்தால் பின்னால் கொத்தாக ஒயர்கள், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சுகள். மும்பை வெயிலில் மூடிய காருக்குள் அந்த டேப்பின் பசை உருகி வழிந்து, தூசியோடு சேர்ந்து கையில் தார் போல ஒட்டியது. பிளேயரின் முதுகில் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருந்தது. அண்ணன் மகனை பானெட் பக்கம் மீட்டருக்கு முன்னால் நிறுத்திவிட்டு அதைப் பிடுங்கினேன்.

"சித்தப்பா, குறைஞ்சிருச்சு! பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ரெண்டு!"

திரும்பச் செருகினேன். "இப்ப ஏறிருச்சு!"

ஆசாமி அகப்பட்டார். ஆனால் பிளேயரே கெட்டதா, ஒயரிங் கெட்டதா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. இங்கே நிறுத்திவிட்டு 'பிளேயர் சரியில்லை' என்று வேறு வாங்கிப் போட்டிருந்தால், அதுவும் அதே ஒயரில்தான் தொங்கியிருக்கும்.

வெளியில் வாங்கும் பிளேயர்கள் பெரும்பாலும் ஒரே நிற வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. மஞ்சள் ஒயர், எப்போதும் பேட்டரியோடு இணைந்திருக்க வேண்டியது. நேரம், ரேடியோ ஸ்டேஷன், சத்த அமைப்பு எல்லாம் அதனால்தான் நினைவில் நிற்கும். சிவப்பு, சாவியை ஏசிசி நிலைக்கு (என்ஜின் ஓடாமல் ரேடியோ போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் நிலை) திருப்பும்போது மட்டும் உயிர் பெற வேண்டியது. 'எழுந்திரு, வண்டியில் ஆள் இருக்கிறது' என்று பிளேயருக்குச் சொல்வது அந்தச் சிவப்பு ஒயர்தான். கறுப்பு எர்த். வெள்ளை வரி போட்ட நீலம், ஆம்ப்ளிஃபையரை எழுப்புவது. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஜோடிகள் நான்கு ஸ்பீக்கருக்கு. சிவப்பில் வோல்ட் இல்லாவிட்டால் பிளேயர் ஆழ்ந்து தூங்கும், மஞ்சள் வழியே சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும்.

டேப்பைப் பிரித்தேன். மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக முறுக்கி, காரின் நிரந்தர சப்ளை ஒயரில் கட்டப்பட்டிருந்தன. முறுக்கிய செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன, இந்த ஊர் மழைக்காலத்து ஈரமும் கடல் காற்றும் சும்மா விடுமா. அதற்கு இரண்டு விரல் தள்ளி, காரின் சொந்த ஏசிசி ஒயர் தனியாக வெட்டி, முனையில் டேப் சுற்றி மடக்கி விடப்பட்டிருந்தது. நெகடிவ் கேபிளைத் திரும்ப மாட்டிவிட்டு, மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, கறுப்பு முனையை பாடி ஸ்க்ரூவில் வைத்து மூன்றையும் தொட்டுப் பார்த்தேன். சாவி என் சட்டைப் பையில். மஞ்சளில் 12.5. சிவப்பிலும் 12.5, அங்கே இருக்கவே கூடாத வோல்ட். அநாதையாகக் கிடந்த அந்த ஒயரில் பூஜ்யம். அண்ணனிடம் சாவியைக் கொடுத்து ஏசிசி வரை திருப்பச் சொன்னேன், அதிலும் 12.5 வந்தது. காரின் ஒயர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, அதைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

இப்போது படம் தெளிவு. அண்ணன் ஒவ்வொரு முறையும் பிளேயரின் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டுத்தான் இறங்குவார். திரை இருண்டுவிடும். ஆனால் சிவப்பில் எப்போதும் வோல்ட் இருப்பதால் வண்டியில் ஆள் இருக்கிறது என்றே பிளேயர் நம்பிக்கொண்டிருக்கும். உள்ளே ப்ரோசஸரும் ப்ளூடூத்தும் விழித்தபடி, ராத்திரி பகலாக, ஆறு நாளும்.

கடையில் ஏன் இப்படிச் செய்தார்கள்? மார்க்கெட்டில் அண்ணன் காய் வாங்கப் போகும்போது மதினியும் பையனும் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்களாம். 'சாவி இல்லாமலும் பாட வேண்டும்' என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தேவைக்கு மிகக் குறுக்கான வழி, இரண்டையும் முறுக்கிக் கட்டுவது. கேட்டவர் கேட்டதைச் செய்துகொடுத்தார்கள்; அதற்கு என்ன விலை என்பதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என் கோபம் அந்த இடத்தில்தான். தெரிந்தவன் சொல்லாமல் விட்டால், தெரியாதவர் பேட்டரி பேட்டரியாகக் காசு கொடுக்கிறார்.

சில கார்களில் வேறு காரணத்துக்காகவும் இதே முறுக்கைப் போடுவார்கள். பிளேயருக்குப் பின்னால் வரும், ஒயர்களை மொத்தமாகச் செருகும் ஐஎஸ்ஓ கப்ளரில் நான்காம் பின் நிரந்தர சப்ளை, ஏழாம் பின் சாவி சப்ளை என்பது பொது வழக்கம். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துப் பழைய கார்கள் பலவற்றில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். அப்படியே செருகினால் சாவியை எடுக்கும்போதெல்லாம் நேரமும் ஸ்டேஷனும் அழிந்துபோகும். சரியான தீர்வு இரண்டையும் இடம் மாற்றுவது. இதற்காகவே பல பிளேயர்களின் மஞ்சள், சிவப்பு ஒயர்களின் நடுவில் கழற்றி மாற்றும் இணைப்பு வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் இரண்டையும் நிரந்தரத்தில் சேர்த்துவிட்டால் நினைவு அழியாது, பேட்டரி அழியும்.

சரி செய்தது சீக்கிரம் முடிந்த வேலை. நெகடிவ் கேபிளைக் கழற்றிவிட்டு, பச்சை பூத்த பகுதிகளை வெட்டி எறிந்து, புது செம்பு தெரியும்படி உரித்தேன். மஞ்சள் நிரந்தரத்தோடு, சிவப்பு ஏசிசியோடு. வெறும் முறுக்கும் டேப்பும் வேண்டாம் என்று செம்புக் குழாய் இணைப்பு போட்டு அழுத்தி க்ரிம்ப் பண்ணி, மேலே சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் சுருக்கினேன். இழுத்துப் பார்த்தால் அசையக் கூடாது. ஓடுகிற வண்டியில் அதிர்வு நிற்காமல் இருக்கும், தளர்ந்த முறுக்கு ஒருநாள் சூடேறும், டேஷ்போர்டுக்குள் சூடேறும் ஒயர் விளையாட்டு விஷயம் இல்லை. இதைவிட நல்ல வழி, காரின் ஒயரை வெட்டவே வெட்டாமல் அந்தக் காருக்கென்று கிடைக்கும் கப்ளரை வாங்கிச் செருகுவது. குர்லா சிஎஸ்டி ரோட்டுக் கடைகளில் கேட்டால் மாடல் வாரியாக எடுத்துத் தருவார்கள். அண்ணன் காரில் ஏற்கெனவே வெட்டியாயிற்று என்பதால் இந்த வழி.

மதினிக்கு ஒரு கவலை. "அப்போ சாவியைக் கழத்தினா பாட்டு நின்னுருமா?"

"ஏசிசி வரைக்கும் திருப்பி வச்சா பாடும் மதினி. என்ஜின் ஓட வேண்டாம். இறங்கும்போது மறக்காம சாவியை எடுத்துருங்க, அம்புட்டுத்தான்."

மறுபடியும் மீட்டரைத் தொடரில் போட்டு, மறுபடியும் காத்திருந்தோம். 0.02. ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர்கூட இல்லை. அடுத்த ஞாயிறு காலை, சாவியைத் தொடும் முன் பேட்டரியில் அளந்து சொல்லும்படி பையனிடம் சொல்லி, என் பழைய மீட்டர் ஒன்றை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். போனில் 12.5 என்றான். ஆறு நாள் நின்ற பிறகு அது நல்ல எண்.

அந்த மூன்றாவது பேட்டரி இப்போதும் காரில்தான் இருக்கிறது. சில தடவை அடி வரை காலியானதால் அதன் முழுக் கொள்ளளவு திரும்பாது, அதை அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன் பெரிய கரண்ட் இழுக்கவிட்டு பலத்தைப் பார்க்கும் லோடு டெஸ்ட் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது மாற்ற வேண்டி வந்தாலும், புதிதாகப் போடுவது அதன் ஆயுளை முழுதாக வாழும்.

உங்கள் காரில் ஸ்டீரியோ பக்கம் எதுவும் அகப்படவில்லை என்றால் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதை எழுப்பும் ஒயர் எங்கே இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அது நிரந்தர சப்ளையில் இருந்தால் பாட்டே இல்லாமல் ஆம்ப்ளிஃபையர் சூடாகவே இருக்கும், கை வைத்தாலே தெரியும். பார்க்கிங்கிலும் பதிவு செய்யும் டேஷ்கேம், கண்டுபிடிக்கும் டிராக்கர் கருவி, மூடிய பிறகும் எரியும் டிக்கி பல்பு, இவையும் வழக்கமான ஆட்கள். எல்லா ஃபியூஸிலும் பூஜ்யம், ஆனால் பேட்டரியில் மட்டும் கரண்ட் போகிறது என்றால் ஆல்டர்னேட்டரின் டையோடு கசிகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், பேட்டரியிலிருந்து அதற்குப் போகும் தடித்த ஒயர் உள்ளே இருக்கும் இந்தச் சின்ன ஃபியூஸ்கள் வழியாக வருவதில்லை.

புதிதாகப் பிளேயர் போடப் போகிறவர்களுக்கு ஒன்று. வேலை முடிந்து சட்டத்தை மாட்டும் முன், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சிவப்பு ஒயரில் டெஸ்ட் லாம்ப் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு எரியக் கூடாது. சாவியை ஏசிசிக்குத் திருப்பினால் எரிய வேண்டும். கடைப் பையனுக்கு ஒரு நிமிட வேலை, நன்றாக வேலை செய்கிறவன் சந்தோஷமாகவே காட்டுவான். காசு அதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.